ஆறு அங்குலத் திரையில் சுங்குடிப் புடவை

விளம்பரத்துக்கு இடம் அளந்து விற்பது மதுரைக்குப் பழகிய தொழில். சி.பா. ஆதித்தனார் 1942-ல் 'தந்தி' நாளிதழைத் தொடங்கிய ஊர் இது. நாளிதழில் இத்தனை பத்தி அகலம், இத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று கணக்கு. அச்சாகிவிட்டால் அந்தத் தாள் எல்லார் வீட்டிலும் ஒரே அளவுதான்.

இணையத்தில் அந்த நிச்சயம் கிடையாது. ஒரே செய்தியை அலுவலகக் கணினியில் 1,366 பிக்சல் அகலத்தில் ஒருவர் படிக்கிறார். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்பவர் 360 பிக்சல் அகலக் கைபேசியில் படிக்கிறார். பக்கத்தில் வரும் விளம்பரம் இருவருக்கும் பொருந்தியாக வேண்டும்.

1994 அக்டோபர் 27-ல் 'ஹாட்வயர்டு' தளத்தில் வந்த ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் 468-க்கு 60 பிக்சல். பிறகு 728-க்கு 90, 300-க்கு 250, கைபேசிக்கு 320-க்கு 50 என்று அளவுகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் வரைய வேண்டியிருந்தது.

வரையாமல் சுருக்கினால் என்ன ஆகும்? மாசி வீதிக் கடை ஒன்று சுங்குடிப் புடவைக்காக 728-க்கு 90 அளவில் ஒரு பட்டை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் புடவை, நடுவில் 'ஆடித் தள்ளுபடி', வலப்பக்கம் தொலைபேசி எண். 360 பிக்சல் திரைக்குள் அதை அப்படியே அடக்கினால் உயரம் 45-க்கும் கீழே இறங்கும். 20 பிக்சல் எழுத்து 10 ஆகிவிடும். தமிழுக்கு இது பெரிய அடி. மெய்யெழுத்தின் புள்ளி மங்கும், 'டி'யின் வளைவு அடைத்துக்கொள்ளும், ண-வும் ன-வும் ஒன்றுபோல் தெரியும். காசு கொடுத்த கடைக்காரருக்கு மிஞ்சுவது ஒரு வண்ணக் கோடு.

ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் 2010 மே மாதம் எழுதிய கட்டுரை இதற்கு வழிகாட்டியது. திரையின் அகலத்தைப் பக்கமே கேட்டறிந்து, உள்ளே இருப்பவற்றை மாற்றி அடுக்க வேண்டும் என்பதே 'ரெஸ்பான்சிவ்' முறை. சுங்குடிப் பட்டை அகலத் திரையில் கிடையாக நிற்கும். கைபேசியில் புடவை மேலே, தள்ளுபடி அதன் கீழே, அழைக்கும் பொத்தான் அடியில் என்று செங்குத்தாகும். எழுத்து சிறுக்காது.

தளங்களில் விளம்பரம் காட்டும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை 2013-ல் இத்தகைய விளம்பர அலகுகளைக் கொண்டுவந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்த் தளங்களுக்கும் ஆட்சென்ஸ் கதவு திறந்தது. விளம்பரம் கொடுப்பவர் இப்போது முழுப் போஸ்டர் தரத் தேவையில்லை. ஒரு அகலப் படம், ஒரு சதுரப் படம், கடைச் சின்னம், 30 குறிக்குள் ஒரு தலைப்பு, 90 குறிக்குள் ஒரு விவரம் என உதிரிகளாகத் தந்தால் போதும். இடத்தைப் பார்த்து இயந்திரம் கோத்துக்கொள்ளும்.

தலைப்பு எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஆடித் தள்ளுபடி' நமக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், இடைவெளியோடு 14 ஆகிவிடும். பல மென்பொருள்கள் எண்ணுவது அதைத்தான். ஆங்கிலத் தலைப்பை மொழிபெயர்த்து ஒட்டினால் பாதியில் நிற்பது இதனால்தான். தமிழிலேயே யோசித்து, சுருக்கி எழுத வேண்டும்.

தளம் நடத்துபவருக்கும் ஒரு கடமை உண்டு. விளம்பரம் தாமதமாக வந்து இறங்கினால் படித்துக்கொண்டிருந்த வரி கீழே ஓடும். மல்லிகை விலைச் செய்தியைத் தொடப்போன விரல் வேறெங்கோ படும். அதை ஏமாற்று என்றே வாசகர் நினைப்பார்; நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. விளம்பரத்துக்கான உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் இது நேராது. இந்தத் துள்ளலைக் கூகுள் ஒரு மதிப்பெண்ணாக அளக்கிறது, 0.1-க்குள் இருந்தால் நல்லது என்கிறது.

மதுரைக் கடைகள் பலவற்றில் பிளெக்ஸ் பேனருக்குச் செய்த படத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, இணையத்திலும் போடச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புடவைப் படத்தை மட்டும் எழுத்தில்லாமல் தனியாக அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, விலை குறைந்த கைபேசி ஒன்றை வெளி வெயிலில் பிடித்து, தள்ளுபடி வரி படிக்க முடிகிறதா, 48 பிக்சல் உயரப் பொத்தானைக் கட்டைவிரல் தவறாமல் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.