ஊதா ஒளியில் தெரியும் சூடு

விதை நேர்த்திக்குப் பிளாஸ்மா முறை ஆராய்ச்சிக்கூடங்களில் சோதிக்கப்பட்டு வருகிறது. உயர்ந்த மின்னழுத்தத்தில் காற்றே ஊதா நிறமாக ஒளிரும். அதில் விதையைக் காட்டுவார்கள். மின்னலும் இந்த இனந்தான். ஆனால் இதில் சூடு மிகக் குறைவு. சூடு ஏறினால் விதை முளைக்காது. உலோக வெப்பமானியை உள்ளே நுழைத்தால் மின்சாரம் அதன்மேலேயே பாயும். ஆகவே, ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்க்கிறார்கள். புற ஊதாப் பகுதியில் 337 நானோமீட்டரில் தெரிவது நைட்ரஜன். அந்தப் பட்டையின் வடிவிலிருந்து காற்றின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். 309-ஐ ஒட்டித் தெரிவது, ஈரப்பதம் உடைந்து உண்டாகும் ஹைட்ராக்சில். ஓசோன் இப்படி அகப்படாது. அதற்கு வேறு சோதனை தேவை.

ஒளி அளவு சரியாக இருந்தாலும் முளைப்புக்கு அது உத்தரவாதமல்ல. இம்முறையில் நேர்த்தி செய்த விதை கிடைத்தால், அதில் 100, சாதா விதையில் 100 எடுத்து, தனித்தனி ஈரத்துணியில் முளைகட்டி எண்ணிப் பார்த்த பிறகே விதைக்கவும்.