காட்டுக் கோயில் எங்கேங்க?

"லஸ் கார்னர்லாம் எறங்கு!"

கண்டக்டரின் இந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு ஏழு வருஷம் இறங்கியிருக்கிறேன். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராது. ஆனால் 'லஸ்' என்றால் என்ன என்று ஒரு நாளாவது கேட்டேனா? ஊஹும். யாரோ வெள்ளைக்கார துரை பெயர் என்று நினைப்பு!

துரை இல்லை சார், மாதா! போர்த்துக்கீசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒளி என்று அர்த்தம். புயலில் சிக்கிய மாலுமிகள் மாதாவை வேண்ட, தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டே கரையேறி, அது மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்கள் என்பது கதை. வைத்த பெயர், 'நோசா செனோரா த லூஸ்'. ஆமாம், அவர்கள் வாயில் அது ஏறக்குறைய 'லூஸ்'தான். நம்மவர்கள் 'லஸ்' என்று சுருக்கியது மயிலாப்பூர்வாசிகள் செய்த புண்ணியம். இல்லாவிட்டால், "சார் எந்த ஏரியா?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது!

கோயிலில் உள்ள கல்வெட்டு 1516 என்கிறது. கட்டியவர் பெத்ரோ த அதோங்கியா என்ற பாதிரியார். இங்கேதான் என் ஆடிட் புத்தி விழித்துக்கொண்டது. போர்த்துக்கீசியர்கள் சாந்தோமில் நிலையாகக் கால் ஊன்றியதே 1520-களில்தானே! அதற்கு முன்பே, கடற்கரையை விட்டுத் தள்ளி, காட்டுக்குள் கோயிலா? சரித்திரக்காரர்களில் சிலருக்கும் இதே சந்தேகம். கட்டடம் இன்னும் சில பத்தாண்டுகள் பிந்தியது என்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், 1639-ல் பிறந்ததாகச் சொல்லிக் கொண்டாடுகிறோமே நம்ம சென்னை, அதைவிட இந்தக் கோயில் மூத்தது!

அப்புறம் சாந்தோமை 1662-ல் கோல்கொண்டா பிடித்தது. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள். கடைசியில் இங்கிலீஷ்காரர்கள். கோயிலும் 'அவர் லேடி ஆஃப் லைட்' ஆனது. தமிழில் 'பிரகாச மாதா'. இத்தனை பெயரிருந்தும் சுற்றுவட்டார ஜனங்கள் யாரையும் கேட்காமல் தாங்களாகவே ஒன்று வைத்தார்கள் - 'காட்டுக் கோயில்'. சுற்றிலும் காடு இருந்ததே, வேறென்ன சொல்வார்கள்?

இன்று நிலைமை தலைகீழ். கோயில் பெயரை எடுத்துக்கொண்ட ஏரியா ஓஹோவென்று இருக்கிறது. ஜவுளிக்கடை, மெஸ், பஸ் ஸ்டாப்... எங்கும் லஸ், லஸ்! கோயிலோ பக்கத்துச் சந்தில் அமைதியாக நிற்கிறது.

போன மாசம்தான் முதல் தடவையாகப் போனேன். வழி தெரியவில்லை. ஒரு காலேஜ் பையனை நிறுத்தி, "காட்டுக் கோயில் எங்கேப்பா?" என்றேன். "இங்கே ஏது சார் காடு?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். (அந்தப் பழைய 'லூஸ்' ஞாபகம் வந்திருக்கும்.) பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டிதான் தலையை நிமிர்த்தாமலே கை காட்டினார்:

"காட்டுக் கோயிலுதானே? நேரா போய்த் திரும்பு ராசா. மெழுகுவத்தி வேணும்னா இங்கியே வாங்கிக்க!"