பேட்டரிக்கு ஆகாத இரும்பு

நிக்கல் பேட்டரி செய்பவர்களுக்கு இரும்பு மாசு என்றாலே ஆகாது. நிக்கல் தகட்டில் அது துளி ஒட்டினாலும் போச்சு. சார்ஜ் ஏறவேண்டிய மின்சாரம், கரைசலிலுள்ள நீரைப் பிளந்து ஆக்சிஜன் குமிழாக வீணாகும். நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பவர்களுக்கோ அந்தக் கோளாறுதான் வரம்.

நீரைப் பிளப்பதில் ஹைட்ரஜன் பக்கம் சுலபம். ஆக்சிஜன் பக்கம்தான் சண்டித்தனம் செய்யும்: இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்கினால்தான் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்கும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 39 யூனிட் மின்சாரம் போதும். ஆலையில் 50-ஐத் தாண்டுகிறது. அந்த இழப்பில் பெரும்பங்கு இந்தப் பக்கத்தின் சோம்பலால் வருவது.

நிக்கல் ஆக்சைடில் ஒட்டிய இரும்பு மாசு ஆக்சிஜன் வெளியேற்றத்தை முடுக்கிவிடுகிறது என்பதை 1987-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தின் டென்னிஸ் காரிகன் எழுதிவிட்டார். ஆனாலும், நிக்கல் முனை கரைசலில் ஊற ஊற அதன் படிக அமைப்பு மாறுவதால்தான் வேகம் கூடுகிறது என்ற எண்ணம் நெடுநாள் நீடித்தது. 2014-ல் ஆரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலேயே இரும்பு கொஞ்சம் இருக்கும். கண்ணாடிப் பாத்திரமும் தன் பங்குக்குக் கசியவிடும். எனவே பிளாஸ்டிக் குழாயில் கரைசலை ஊற்றி, நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவைக் கலக்கி, இரும்பை அது உறிஞ்சிக்கொண்டதும் தெளிவை மட்டும் இறுத்தார்கள். அந்தச் சுத்தக் கரைசலில் நிக்கல் எவ்வளவு ஊறியும் தேறவில்லை. நிக்கலின் பெயரில் இத்தனை நாள் வேலை பார்த்தது இரும்பு.

அப்படியானால் சில கருவிகளில் இரும்புக்குப் பதில் இரிடியம் என்ற உலோகத்தை வைப்பது எதற்கு? சவ்வு வைத்த நவீனக் கருவிகள் பலவற்றின் உட்புறம் கடும் அமிலம். இரும்பும் நிக்கலும் அதில் கரைந்துவிடும், இரிடியம் தாக்குப்பிடிக்கும். உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து டன்கூடக் கிடைக்காத உலோகம் அது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களில் உபபொருளாக வருகிறது. விலை ஏறினாலும் இதற்கென்று தனியாகத் தோண்டமுடியாது.

'மலிவு வினையூக்கி கண்டுபிடிப்பு' என்று அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நூறு மணி நேரம் ஓடினாலே பெருமை. ஆலைக்கோ பல்லாயிரம் மணி நேரம் வேண்டும்.

நிக்கலையும் இரும்பையும் நம்பி, சவ்வையும் காரத்தையும் சேர்த்த புதுவகைக் கருவிகள் இப்போது சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் உலோகச் செலவு பெரிய தலைவலி இல்லை. காரமும் சூடும் சேர்ந்து சவ்வைத்தான் முதலில் நைத்துவிடுகின்றன.