பாட்டு பெருசா, வரிசை பெருசா?

மேலூர் டு மதுரை பஸ்ல தினமும் காலேஜ் போற ஆளா நீங்க? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்!

அந்தப் பயணத்துல நான் கேட்கிறது ஜெர்மன் டெக்னோ மிக்ஸ். "தும் தும்னு ஒரே இடி. இதுல என்னடா இருக்கு?" என்று முறைப்பார் அப்பா. போன செமஸ்டரில் ரெண்டு அரியர் வேறு. 'சாப்பிட்டியா?'வைத் தாண்டி எங்களுக்குள் பேச்சே கிடையாது.

அப்படி என்னதான் இருக்கு? கொலோன் நகரத்து டி.ஜே. மைக்கேல் மேயர் 2002-ல் 'இம்மர்' என்று ஒரு மிக்ஸ் சி.டி. வெளியிட்டார். 'எப்போதும்' என்று அர்த்தம். அதில் இருப்பது பெரும்பாலும் மற்றவர்கள் உருவாக்கிய டிராக்குகள். எதுக்கு அப்புறம் எதுனு முடிவு பண்ணி, இழைச்சுக் கோத்ததுதான் மேயரோட கைவண்ணம்!

சின்னக் கணக்கு ஒண்ணு. ஒரு டிராக்கில் நிமிஷத்துக்கு 124 தட்டு, அடுத்ததில் 126. அப்படியே சேர்த்து ஓடவிட்டால், 30 செகண்டில் முழுசா ஒரு தட்டு விலகிடும். டி.ஜே. வேகத்தை இம்மி இம்மியாகச் சரிபண்ணி, பழசை மெல்ல இறக்கி, புதுசை உள்ளே விடுகிறார். பாட்டு மாறினதே அடுத்த ஸ்டாப்பில்தான் உறைக்கும். எடுத்த எடுப்பிலேயே அதிரடியைப் போட்டுட்டா, அப்புறம் ஏற இடமிருக்காதே!

நமக்கு இது புதுசா என்ன? சாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் முதலில் கம்பீர நாட்டை மல்லாரிதான். மத்ததெல்லாம் அப்புறம். 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோவையும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது ஜெர்மனி.

போன மாசம் பஸ்ஸில் இயர்போனின் ஒரு பக்கத்தை அப்பாவிடம் நீட்டினேன். ஒத்தக்கடை வரை பேச்சில்லை. திடீரென, "இப்ப மாத்திட்டான்ல?" என்றார். ஆமா, மாறியிருந்தது!

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து ஒரு 90 நிமிஷ கேசட்டை எடுத்தார். காலேஜ் நாளில் ரெக்கார்டிங் சென்டரில் பதிஞ்சதாம். அட்டையில் பேனாவால் எழுதி, அடிச்சு, மறுபடி வரிசை மாத்தி எழுதின பாட்டுகள். "மூணாவதா எதை வைக்கிறதுனே ரெண்டு நாள் யோசிச்சேன்டா!"

அப்புறம்தான் அரியர் பேச்சை எடுத்தார். இந்தத் தடவை நான் எழுந்து போகலை.

உங்க வீட்டு பீரோவிலும் ஒரு கேசட் இருக்கும். கேட்டுப் பாருங்க பாஸ்!