கம்ப்யூட்டருக்குள் கள்ளச்சாவி! கணக்கு உதைத்ததால் அம்பலம்

பூட்டை உடைக்கவில்லை. சுவரில் கன்னம் வைக்கவில்லை. இரண்டே இரண்டு வரிகளை நைசாக நுழைத்துவிட்டு ஒரு ஆசாமி மாயமாகிவிட்டான்.

இது நடந்தது 2003-ம் ஆண்டு நவம்பரில். அவன் கைவரிசை காட்டிய இடம், "லினக்ஸ்" என்ற கம்ப்யூட்டர் புரோகிராம்.

லினக்ஸ் நமக்கு எதுக்கு என்று கேட்காதீர்கள். உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு செல்போன் இருக்கிறதா? அதன் அடித்தளத்தில் ஓடுவது லினக்ஸ்தான்.

பேரன் கற்ற வித்தை

இதை உருவாக்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டில் ஹெல்சின்கி நகரில் 1969-ல் பிறந்தவர். தாய்-தந்தை பத்திரிகைக்காரர்கள். தாத்தா புள்ளியியல் பேராசிரியர். தாத்தா வாங்கிய சின்ன கம்ப்யூட்டரில்தான் பேரன் புரோகிராம் எழுதப் பழகினார்.

1991-ல், 21 வயது மாணவராக இருந்தபோது லினக்சை தொடங்கினார். அதை எல்லோருக்கும் இலவசமாக கொடுத்தார். பல நாட்டுக்காரர்களும் அதில் வரிகளை சேர்த்தார்கள்.

இத்தனை பேர் கை வைக்கும் இடத்தில் திருடனும் கை வைக்க மாட்டானா? வைத்தான்.

ஒரு குறி குறைந்தது

அவர் எழுதுவது "சி" என்ற கம்ப்யூட்டர் மொழியில். அதில் இரண்டு சமக்குறி போட்டால், "சமமா என்று பார்" என்று அர்த்தம். ஒன்று மட்டும் போட்டால், "அப்படியே ஆக்கு" என்று அர்த்தம்.

ஆசாமி வேண்டுமென்றே ஒன்று மட்டும் போட்டான். பார்ப்பவருக்கு, "இவர் எஜமானரா?" என்று சோதிக்கும் வரி போலத் தெரியும். உண்மையில் அது, "இவரை எஜமானர் ஆக்கு" என்ற உத்தரவு. சூட்சுமம் தெரிந்த எந்த சாதாரண ஆளும் அந்த கம்ப்யூட்டரை முழுசாக கையில் எடுத்துக்கொள்ளலாம்!

எப்படி சிக்கியது? யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று ஒரு பேரேடு இருந்தது. ஆசாமி புகுந்தது நகல் இருந்த கம்ப்யூட்டரில். நகலில் இருந்த மாற்றத்துக்கு மூலப் பேரேட்டில் பதிவு இல்லை. கணக்கு உதைத்தது. நவம்பர் 5-ந் தேதி குட்டு வெளிப்பட்டது. வரிகள் நீக்கப்பட்டன.

4 நாளில் புதுப் பேரேடு

அந்தப் பேரேட்டு புரோகிராம் ஒரு கம்பெனிக்கு சொந்தம். 2005-ல், "இனி இலவசம் இல்லை" என்று கம்பெனி கையை விரித்தது. டோர்வால்ட்ஸ் அசரவில்லை. ஏப்ரல் 3-ந் தேதி தானே ஒன்று எழுத உட்கார்ந்தார். 7-ந் தேதி அது தன் கணக்கை தானே எழுத ஆரம்பித்துவிட்டது. அதுதான் "கிட்".

கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் கைரேகை போல ஒரு எண் உண்டு. ஒரு எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும். பழைய பதிவில் கை வைத்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் காட்டிக்கொடுத்துவிடும். இன்று உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுகிறவர்கள் கிட்டைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

பழைய கருவி போதும்

இவ்வளவு பெரிய ஆள் நவீன கருவிகளை அடுக்கி வைத்திருப்பார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அவர் பிடிவாதமாக வைத்திருப்பது "மைக்ரோ ஈமாக்ஸ்" என்ற 1980-களின் எழுதுகருவி.

கண்டிப்பு எழுத்தில்தான். ஒவ்வொரு படிக்கும் 8 எழுத்து அகலம் தள்ளி எழுத வேண்டும். மூன்று படிக்கு மேல் உள்ளே போனால், திருத்தி எழுத வேண்டியதுதான். படிப்பவர் கண்ணில் வரி பளிச்சென்று பட வேண்டும் அல்லவா? 2004-ல் இருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுப்புகிறவர் பெயரோடு கையொப்பம் வைத்தாக வேண்டும்.

தப்பு செய்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்ற கெட்ட பெயரும் இவருக்கு உண்டு. 2018-ல் அதற்காக பகிரங்கமாக மன்னிப்பு கேட்டு, சில வாரம் ஒதுங்கி இருந்தார்.

கள்ளச்சாவி வைத்த ஆசாமி யார்? பெயர் இதுவரை வெளிவரவில்லை. ஆனால் கடை வைத்திருப்பவர்களுக்கு விஷயம் புரியும். கல்லாவுக்கு பூட்டு மட்டும் போதாது. ராத்திரி கணக்கு பார்த்தால்தான் திருட்டு தெரியும்.