உங்களுக்குத் தெரியுமா? டர்னிப் அடி வாங்க வரிசையில் நிற்கும் ஊர்!

ஸ்பெயினின் எக்ஸ்ட்ரெமதுரா மலைப்பகுதியில், சுமார் 1,175 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பியோர்னால் கிராமம். ஊரின் பாதுகாவலர் புனித செபஸ்தியார். கடுங்குளிர் காலமான ஜனவரி 19, 20 தேதிகளில் அவருக்குத் திருவிழா.

விழாவில் எல்லோர் கண்ணும் 'ஹர்ராம்ப்ளாஸ்' வேடமிட்டவர் மீதுதான். உடையெங்கும் வண்ண நாடாக்கள், கொம்பு வைத்த கூம்பு முகமூடி, கையில் மேளம். அதைக் கொட்டியபடி அவர் தெருவில் இறங்கியதும் நாலாபுறமிருந்தும் டர்னிப் கிழங்குகள் பறந்து வரும். எறிவதற்கென்றே டன் கணக்கில் வந்து இறங்குகின்றன! மாடு திருடியவனை ஊரார் காய்கறியால் அடித்து விரட்டியதன் நினைவு இது என்று ஒரு கதை உண்டு. அடி விளையாட்டல்ல, உடைக்குள் கண்ணாடியிழைக் கவசம் அணிந்தும் உடம்பு கன்றிப்போகும். தாங்கும்வரை நடப்பதே அவருக்குப் பெருமை. புனிதரின் சுரூபம் பவனி வரும்போது மட்டும் ஒரு கிழங்குகூடப் பறக்காது.

இத்தனை அடி வாங்க யார் முன்வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். பலருக்கு இது புனிதருக்குச் செலுத்தும் நேர்த்திக்கடன். அதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டுத் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.