அடுக்களை வாசலில் நின்றுவிட்ட சட்டம்

ஆலைத் தொழிலாளிக்கு வேலைநேரம் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நாட்சம்பளம் உண்டு. பிறர் வீட்டில் அடுப்பெரிக்கும் பெண்ணுக்கோ இவ்விரண்டையும் வரையறுத்துக் கொடுக்க இலங்கையின் சட்டங்கள் நெடுங்காலமாகத் தவறியே வந்துள்ளன.

2021 யூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயது மலையகச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் இல்லத்தில் பணிபுரிந்த வேளை தீக்காயங்களுக்கு உள்ளாகி மருத்துவமனையில் உயிர்நீத்தாள். மலையகத்திலும் வடக்கிலும் மக்கள் நீதி கோரித் தெருவில் இறங்கினர். தொழிலுக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டதும் அதே ஆண்டிலேதான். ஆயினும் பூட்டிய வீட்டினுள் தொழிற் பரிசோதகர் எங்ஙனம் நுழைவார்?

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் உண்மை துலங்கும். 1871 இல் ஆங்கிலேயர் இயற்றிய வீட்டுப் பணியாளர் பதிவுச் சட்டம், பணியாளரின் பெயரையும் நடத்தையையும் ஏட்டில் பதிவதிலேயே கருத்தாயிருந்தது. எசமானரின் பாதுகாப்பே அதன் நோக்கம்; கூலி பற்றியோ ஓய்வு பற்றியோ அது கவலை கொள்ளவில்லை. 1941 இன் சம்பளச் சபைகள் சட்டம் தொழில் தோறும் சம்பளம் நிர்ணயிக்க வழிவகுத்தது. வீட்டுப் பணிக்கென ஒரு சபை அமைக்கப்படவில்லை. 2016 இல் வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் வீட்டுப் பணியாளரை விலக்கியே இயற்றப்பட்டது.

உலகம் இவ்விடத்தில் நின்றுவிடவில்லை. சர்வதேசத் தொழில் அமைப்பு 2011 யூன் 16 அன்று ஜெனீவாவில் 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வீட்டுப் பணியும் தொழிலே என்பது அதன் அடிப்படை. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணிநேர ஓய்வு, விளங்கத்தக்க வேலை நிபந்தனைகள், கடவுச்சீட்டைத் தம்மிடமே வைத்திருக்கும் உரிமை ஆகியவற்றை அது வலியுறுத்துகின்றது. 2012 இல் உருகுவே முதலாவதாக அதனை ஏற்றது. பிலிப்பைன்ஸ் அதே ஆண்டில் ஏற்று, 2013 இல் தனிச்சட்டமும் இயற்றியது. இலங்கையில் வீட்டுப் பணியாளர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துக் குரல் எழுப்பியுள்ளனர்.

இதில் புலம்பெயர்ந்த எமக்கும் பங்குண்டு. ஊரிலும் கொழும்பிலும் உள்ள முதிய பெற்றோரைப் பராமரிக்க நாம் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி, மலையகத்து ஏழைப் பெண்ணின் கூலியாகவே மாறுகின்றது. அந்நிய மண்ணில் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவிய நாம், மணிக்கணக்கில் கூலியும் வாரவிடுமுறையும் கேட்டுப் பெற்றவர்கள். எமக்கு உரிமையெனத் தோன்றியது, எம் வீட்டில் உழைப்பவளுக்கு மட்டும் சலுகையாகிவிடுமா?

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சம்பளத்தையும் விடுமுறையையும் எழுத்தில் கொடுப்போம். பெற்றோருடன் தடையின்றிப் பேச இடமளிப்போம். பள்ளி செல்லவேண்டிய பிள்ளையை எக்காரணங்கொண்டும் வேலைக்கு அமர்த்தோம் என ஊரிலுள்ள உறவினருக்கும் உறுதியாய்ச் சொல்வோம்.